அமலுவுக்காகத் தேடிய விளக்கு

போன மாதம் மூலனூரில் ஒரு கல்யாணம். என் மனைவியின் பெரியப்பா மகன் வீட்டுக் கல்யாணம் என்பதால் தலையைக் காட்டாமல் இருக்க முடியாது. முகூர்த்தம் முடிந்து பந்திக்குப் போகிற வழியில், சாப்பாட்டுக்கூடத்துக் கதவுக்கு மேலே என் கண் நின்றுவிட்டது. சுவரோடு சுவராக ரோஸ் பெயிண்ட் பூசப்பட்டு ஒரு வட்ட மணி இருந்தது. அதற்குக் கீழே, கை எட்டுகிற உயரத்தில், அதே ரோஸ் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி. முன்பக்கம் கண்ணாடி, கண்ணாடி மேலும் பெயிண்ட். பக்கத்தில் இரண்டு கண்ணி மட்டும் மிச்சமிருக்கும் ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலியில் முன்பு சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சுத்தியல் தொங்கியிருக்கும். தீப்பிடித்தால் அந்தச் சுத்தியலால் கண்ணாடியை உடைக்க வேண்டும், உடைத்தால் மணி அடிக்கும். அந்த மாதிரிப் பெட்டியை நான் பார்த்து ஆறேழு வருடம் ஆகியிருக்கும்.

போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்தேன். "ஏனுங்க, எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளையப் பாக்கறாங்க, நீங்க மோட்டுவளையப் பாத்துட்டு நிக்கறீங்க. எலை போட்டாச்சுங்க" என்றாள் மனைவி. அதற்குள் மண்டப மேனேஜர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்துவிட்டார்.

"சாருங்க எந்த ஆபீசுங்க? நம்முளுது லைசென்ஸ் எல்லாம் ரினீவல் பண்ணியாச்சுங்க."

"நான் ஆபீசெல்லாம் இல்லீங்க. மாப்பிள்ளைக்கு மாமன் முறைங்க" என்றேன். அவர் நம்பவில்லை. பாயசம் மட்டும் எனக்கு இரண்டு தடவை வந்தது.

இது என்ன பழக்கம் என்று நீங்கள் கேட்பீர்கள். சிலர் ரயில் என்ஜினைப் பார்த்தால் நிற்பார்கள், சிலர் பழைய காரைப் பார்த்தால் நிற்பார்கள். நான் தீ மணியைப் பார்த்தால் நிற்பேன். பழைய நூலகம், தபாலாபீஸ், கருவூலம், சினிமாக் கொட்டகை என்று எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் மேலே போகும். கவிழ்த்த கிண்ணம் போல விதானத்தில் ஒட்டிக்கொண்டு, சூடேறினால் மணியை அடிக்கவைக்கும் வெப்ப உணரி, கைப்பிடியைச் சுற்றினால் ஊளையிடும் சைரன், சுவரில் வரிசையாகத் தொங்கும் சிவப்பு மணல் வாளி. மணல் வாளிகளில் இப்போது பெரும்பாலும் வெற்றிலை எச்சில்தான் இருக்கிறது. ஒரு வங்கியில் அப்படி அண்ணாந்து நின்றுகொண்டிருந்தபோது காவலாளி துப்பாக்கியோடு என் பக்கத்தில் வந்து நின்று, நான் வெளியே போகும்வரை நகரவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பணம் எடுக்க வந்தவன் கவுண்டரைப் பார்க்காமல் விதானத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

எனக்குத் துணையாக இன்னும் சில கிறுக்கர்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். எங்காவது ஒரு மூலையில் யாராவது ஒரு பழைய பித்தளை மணியைக் கண்டுபிடித்துப் படம் போட்டால் அன்று முழுக்க அதே பேச்சுதான். எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு. பார்க்கலாம், படம் பிடிக்கலாம், கழற்றக் கூடாது. அதை நான் ஒரு தடவை மீறியிருக்கிறேன். குழுவே இல்லாத காலத்தில் மீறியது என்பதால் மன்னித்துவிட்டார்கள்.

மூலனூர்ப் பெட்டியின் மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தது. சும்மா விரலால் தொட்டேன். உள்ளிருந்து பழைய வால்வு ரேடியோ சூடாகும்போது வருமே, அந்த வாசனை வந்தது. பேக்லைட்டும் தூசியும் சேர்ந்த வாசனை. அது எனக்குத் திருப்பூர் நல்லூர் வாசனை. அங்கே நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் இந்த வாசனையோடு நிட்டிங் எண்ணெய், அயர்ன் டேபிள் ஆவி, பறக்கும் பஞ்சு எல்லாம் கலந்திருக்கும். சாயங்காலம் குளித்தாலும் மூக்கை விட்டுப் போகாது.

நான் மடத்துக்குளத்துக்காரன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிப்பை முடித்துவிட்டு நல்லூரில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். கீழே கட்டிங், தையல், பேக்கிங். மாடியில் துணி செக்கிங். எல்லாம் சேர்த்து நாற்பது பேர் இருப்போம். பல்பு மாட்டுவது, மோட்டார் கட்டுவது, முதலாளி வீட்டு மிக்சியைச் சரிபார்ப்பது என்று எல்லாம் என் தலையில்தான். வெளிநாட்டு ஆர்டர் வர ஆரம்பித்ததும் தீ மணி ஒன்று வைக்க வேண்டும் என்றார்கள். வட்ட மணி ஒன்றும் கண்ணாடிப் பெட்டி ஒன்றும் வாங்கி வந்து மாட்டினேன். எங்கள் முதலாளிக்கு எந்தப் பொருளும் சும்மா இருந்தால் பொறுக்காது. "வருசம் பூராம் தொங்கிட்டே இருக்கறதுக்கா இத்தன செலவு?" என்று யோசித்து, காலை பதினொரு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் டீக்கு அதையே, கீழேயும் மாடியிலும் தனியாக ஒரு சுவிட்ச் வைத்து, அடிக்கச் சொல்லிவிட்டார். இரண்டு தடவை விட்டு விட்டு அடித்தால் டீ. நிற்காமல் அடித்தால் தீ. நிற்காமல் ஒரு நாளும் அடிக்கவில்லை என்பதால் மணி என்றாலே எங்களுக்கு வடைதான் ஞாபகம் வரும்.

மாடியில் செக்கிங் மிஷினில் அமலோற்பவம் இருந்தாள். தூத்துக்குடிப் பக்கம். கொங்கு நாக்குகளில் அந்தப் பெயர் முழுசாக நுழையாததால் அமலு ஆகிவிட்டாள். கைக்குழந்தையாக இருக்கும்போதே காய்ச்சலில் காது போய்விட்டது. பேச்சும் வரவில்லை. அண்ணனோடு பிழைக்க வந்தவள். அண்ணனுக்கு இந்த ஊர் ஒத்துவராமல் திரும்பிப் போய்விட்டார். இவள் போகவில்லை. பக்கத்து மிஷின் மயிலாத்தாக்காவோடு, அவர் வாடகைக்கு இருந்த லைன் வீட்டிலேயே தங்கிக்கொண்டாள். மயிலக்காவுக்கு ஊர் காங்கயம் பக்கம், புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை.

அமலு மாதிரி ஒரு வாயாடியை நான் பார்த்ததில்லை. வாயால் பேசாத வாயாடி. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கும் சைகை எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளும் மயிலக்காவும் ஆரம்பித்து, பிறகு கம்பெனி முழுக்கச் சேர்ந்து உண்டாக்கிய கைப்பேச்சு எங்களுடையது. மீசையை முறுக்கினால் முதலாளி. மூக்குத்தி இடத்தைக் கிள்ளினால் மயிலக்கா. ஒரு கையால் இன்னொரு கையை வெட்டுவது போலக் காட்டிக் கண்ணை மூடித் தூங்கினால் கட்டிங் மாஸ்டர், ஏனென்றால் அவர் மத்தியானம் டேபிளுக்கு அடியில் தூங்குவார். யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள், யார் வீட்டில் சண்டை, யார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு எங்கே போனார்கள் எல்லாம் அவளிடம் போனால் தெரிந்துவிடும். தையல்காரர்கள் மிஷின் சத்தத்தில் ஒருவருக்கொருவர் கத்த முடியாமல் இந்தக் கைப்பேச்சிலேயே பேசிக்கொள்வார்கள். அந்த இரைச்சலில் அவள்தான் எங்களில் நன்றாகப் பேசத் தெரிந்தவள்.

ஒரு தடவை நான் அவளிடம், கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டேன். அவள் இரண்டு கையாலும் காற்றில் ஒரு குடம் வரைந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு போய் மூலையில் வைத்தாள். கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். எனக்குப் புரியாமல் மயிலக்காவைப் பார்த்தேன்.

"அண்ணன் ஊட்டுல சோறு போடுவாங்களாம், துணி எடுத்துக் குடுப்பாங்களாம். ஆனா ஒருத்தருங்கூட அவகிட்ட கையத் தூக்கி ஒரு வார்த்த பேச மாட்டாங்களாம் தம்பி. மூலைல குடம் வெச்ச மாதிரின்னு சொல்றா" என்றார் மயிலக்கா. அமலு என் முகத்தைப் பார்த்துவிட்டு, போதும் அழுதுவிடாதே என்பது போல என் தோளில் ஒரு குத்து விட்டாள்.

மணி அடித்தால் அவளுக்குக் கேட்காது. டீயானாலும் சரி, வீட்டுக்குக் கிளம்பும் நேரமானாலும் சரி, மயிலக்கா எட்டி அவள் தோளைத் தட்டுவார். அதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை, அதுவாகவே நடந்துகொண்டிருந்தது. ஆடிட் வரும்வரை அதில் ஒரு குறையும் எங்களுக்குத் தெரியவில்லை.

ஆடிட் என்றால் கணக்குப் பார்ப்பது இல்லை. துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஆள் அனுப்பி, கழிப்பறை எத்தனை, குடிதண்ணீர் எங்கே, தீப்பிடித்தால் ஓட வழி இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கும். திருப்பூரில் அதற்கும் ஆடிட் என்றே பெயர். வந்தவர் சின்ன வயசு, மெதுவாகப் பேசுகிறவர். பேக்கிங்கில் இருந்த ஒரு பெண்ணிடம், மணியைக் காட்டி, "இது அடிச்சா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"டீ குடிக்கப் போவமுங்க" என்றாள் அவள், மரியாதையாக.

முதலாளியின் முகம் போன போக்கை நான் இங்கே எழுதப் போவதில்லை. டீக்கு வேறு மணி வைப்பதாக அங்கேயே ஒத்துக்கொண்டார். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஆடிட்டர் மாடிக்கு ஏறினார். மயிலக்கா அமலுவின் தோளைத் தட்டுவதைப் பார்த்துவிட்டு விசாரித்தார்.

"நீங்க லீவு போட்டா இவங்களுக்கு யாருங்க சொல்லுவாங்க?"

"நான் லீவே போடறதில்லீங்க சார்."

"பாத்ரூம் போனா?"

மயிலக்கா அமலுவைத் திரும்பிப் பார்த்தார். ஆடிட்டர் எழுதிக்கொண்டார். பதினைந்து நாளில் திரும்பி வருவேன், அதற்குள் இவர் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு எச்சரிக்கை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவரை இங்கே வேலைக்கு வைத்திருப்பது ஆபத்து என்றார். அவர் சொன்னது தப்பில்லை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த மனிதரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அந்தப் புள்ளைய அனுப்பறதுக்கு எனக்கு மனசில்ல கண்ணு. அவளாட்டம் துணியில ஓட்டை புடிக்கறவ திருப்பூருலயே கெடையாது. ஆனா ஆர்டர் போச்சுன்னா நாப்பது குடும்பம். பதினஞ்சு நாள்ல ஏதாச்சும் லைட்டுக் கெடைச்சாச் செரி. இல்லீன்னா அவிய அண்ணனுக்கு லெட்டர் போட்டு வரச் சொல்லிருவேன்" என்றார். நான் சரிங்க என்று வெளியே வந்தேன். மாடிப்படியில் அமலு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அன்றுதான் அவள் கை அசையாமல் இருந்ததைப் பார்த்தேன்.

இப்போது என்றால் போனில் நாலு தட்டுத் தட்டினால் பளிச் பளிச்சென்று மின்னும் விளக்கு நாளைக்கே வீட்டுக்கு வந்துவிடும். அன்றைக்குத் திருப்பூரில் எலக்ட்ரிக்கல் கடை ஒன்று பாக்கியில்லாமல் ஏறி இறங்கினேன். சாமிக்குப் போடும் சீரியல் லைட்டைக் காட்டினார்கள். கோயம்புத்தூர்க் கடையில் பம்பாயிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். ஐந்து நாள் ஓடிவிட்டது. அப்போதுதான், ஏற்கெனவே எங்காவது மாட்டியிருப்பார்களே என்று பொதுக் கட்டடங்களுக்குள் நுழைய ஆரம்பித்தேன். வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போவேன். மணி இருந்தது, சைரன் இருந்தது, வாளி இருந்தது. எல்லாமே காதுக்குத்தான். கண்ணுக்கு எதுவும் இல்லை. என் அண்ணாந்து பார்க்கும் வியாதி அந்த நாலைந்து நாளில் வந்ததுதான்.

ஒன்பதாவது நாள் ஒரு சினிமாக் கொட்டகை. படம் ஓட்டுவதை நிறுத்தி, இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. பழைய ஆபரேட்டர் ஒருவர் வாசலில் சாவியோடு உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இரண்டாவது தடவை கத்தினேன். அப்போதுதான் தெரிந்தது, அவருக்கும் காது மந்தம்.

"முப்பது வருசம் புரொஜக்டர் பக்கத்துல நின்னவனுக்குக் காது எங்கீங்க இருக்கும்?" என்று சிரித்தார். பிறகு மேலே ஆபரேட்டர் அறைக்குக் கூட்டிப் போனார். புரொஜக்டர் இருந்த இடத்துக்கு நேர் எதிரே சுவரில் ஒரு சிவப்பு விளக்கு. இளநீர்க் காய் அளவில் கனமான சிவப்புக் கண்ணாடி, அதற்கு மேல் கம்பிக் கூண்டு. கீழே தீ மணி அடித்தால், புரொஜக்டர் இரைச்சலில் ஆபரேட்டருக்குக் கேட்காது என்பதற்காக, இந்த விளக்கு விட்டு விட்டு எரியுமாம். யாரோ ஒரு புண்ணியவான் யோசித்து வைத்தது.

யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். வேறு ஒன்றும் கேட்காமல், கொட்டகைக்காரரிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லி, "கழட்டிக்கங்க" என்றார். நான் ஏணியில் நிற்கும்போது கீழேயிருந்து, "அந்தம்மா கண்ணுக்கு நேரா வையுங்க. எனக்கு நேரா வெச்சதுனாலதான் நான் பாத்தனுங்க" என்றார்.

நான் அதைக் கேட்டேனா? கேட்கவில்லை. மறுநாள் மாடியில் எதிர்ச் சுவரில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, உயரமாக, அழகாக மாட்டினேன். மணியோடு சேர்த்து வயர் இழுத்தேன். முதலாளி, மயிலக்கா, கட்டிங் மாஸ்டர் எல்லோரும் வந்து நின்றார்கள். மணியை அழுத்தினேன். விளக்கு ஜம்மென்று எரிந்து எரிந்து அணைந்தது. அமலு துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அறை முழுக்க டியூப்லைட் வெளிச்சம். செக்கிங் பண்ணுகிறவள் கண்ணைத் துணியை விட்டு எடுத்தால் ஓட்டை போய்விடும். எடுக்காமல் இருப்பதுதான் அவள் வேலை. அரை நிமிடம் மணி அடித்தது. அவள் நிமிரவே இல்லை. கடைசியில் மயிலக்கா தோளைத் தட்டினார்.

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அமலு விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆள்காட்டி விரலால் தன் நெற்றியைத் தட்டி என்னைக் காட்டினாள். மடையன் என்று அர்த்தம், மொழிபெயர்க்க ஆள் வேண்டியதில்லை. ஏணியை அவளே இழுத்துப் போட்டு விளக்கைக் கழற்றச் சொன்னாள். செக்கிங் மிஷினை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சாய்வாக ஒரு பால் கண்ணாடி, அதற்குப் பின்னால் பெட்டிக்குள் டியூப்லைட். துணி கண்ணாடி மேல் ஓடும்போது பின்னாலிருந்து வெளிச்சம் வருவதால் ஓட்டை, ஊசி பழுதானால் விழும் ஊசிக்கோடு எல்லாம் தெரியும். அமலு அந்தப் பெட்டியின் பின்பக்கக் கதவைத் திறந்து, உள்ளே காட்டினாள். இங்கே வை.

வைத்தேன். வெள்ளைத் துணி ஓடிக்கொண்டிருந்தது. மணியை அழுத்தினேன். துணி முழுக்கச் சிவந்தது, வெளுத்தது, மறுபடி சிவந்தது. கீழேயிருந்து தையல்காரர்கள் எல்லாம் ஏறி வந்து பார்த்தார்கள். அமலு என் கையைத் தள்ளிவிட்டு அவளே திரும்பத் திரும்ப மணியை அழுத்தினாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு மணி அடிப்பது அவளுக்குத் தெரிகிறது. முதலாளி, "போதும் அம்மணி, காதடைக்குது" என்று அவளிடமே சொன்னார்.

ஆடிட்டர் சொன்ன தேதிக்கு வந்துவிட்டார். எல்லாம் தயார், ஒன்றைத் தவிர. அன்றைக்கு மிஷினில் ஏற்றியிருந்தது மெரூன் கலர் லாட். அவசர ஆர்டர். வெள்ளைத் துணியில் சோதித்துப் பார்த்து மார்தட்டிக்கொண்ட எங்கள் நாற்பது பேரில் ஒருவருக்காவது, சாயம் போட்ட துணி வந்தால் என்ன ஆகும் என்று தோன்றவில்லை. பனியன் ஊரில் பிழைக்கிறோம் என்று பெயர்.

ஆடிட்டர் மாடியில் நின்றுகொண்டு மயிலக்காவிடம், தட்டக் கூடாது என்றார். கீழே மணியை அழுத்தினார்கள். மெரூன் துணி மெரூனாகவே ஓடியது. உள்ளே விளக்கு எரிகிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. மயிலக்கா தூக்கிய கையைப் பாதியில் நிறுத்தியிருந்தார். சட்டப்படி மணி அடித்ததும் எல்லோரும் வாசலுக்கு ஓட வேண்டும். ஒருவரும் ஓடவில்லை. கீழே இருந்தவர்கள் வெளியே போகாமல் மாடிப்படியில் ஏறி வந்து, படிக்கு ஒருவராக நின்று, அமலுவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வெளிய போங்க, வெளிய போங்க" என்றார் ஆடிட்டர். யார் கேட்டார்கள்? முதலாளியே படியில் நின்றுகொண்டிருந்தார். நான் மனசுக்குள் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், அவள் சாமியையும் சேர்த்து.

பனியன் துணி குழாய் மாதிரி வருவது. கண்ணாடியின் அகலம் முழுக்க அது மூடாது. இரண்டு ஓரத்திலும் நாலு விரல் இடைவெளி இருக்கும். துணி கோணாமல் இருக்க அமலு ஓரத்தைப் பிடித்து இழுத்துவிட்டாள். அப்போது அவள் விரல்கள் சிவந்தன. விரலைப் பார்த்தாள். சுவிட்சை அணைத்தாள். எழுந்து திரும்பினாள்.

திரும்பினால் மாடிப்படி வரைக்கும் கம்பெனியே நிற்கிறது. அவள் முகத்தில் வந்த கோபத்தை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. விரல்களை மேல்நோக்கி நெளித்துக் காட்டினாள், தீ. இரண்டு காதையும் பிடித்துக் காட்டிக் கையை விரித்தாள், உங்களுக்கெல்லாம் காது இல்லையா? பிறகு மயிலக்காவின் முதுகில் கை வைத்துத் தள்ளி, கட்டிங் மாஸ்டரைத் தள்ளி, முதலாளியையும் தோளைப் பிடித்துத் திருப்பி, ஆடு பத்துவது போல எல்லோரையும் பத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கடைசியாக ஆடிட்டரையும் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். வெளியே வேப்பமரத்தடியில் எல்லோரும் நின்றோம். சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள். நான் அழுதேன், சிரிக்கவில்லை.

ஆடிட்டர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, "இந்த டிரில்ல உங்க கம்பெனியே ஃபெயிலுங்க. அவங்க ஒருத்தர்தான் பாஸ்" என்றார். இன்னொரு தடவை எங்களையெல்லாம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அண்ணனுக்கு லெட்டர் போகவில்லை. இருண்ட கலர் துணி ஓட்டினாலும் ஓரம் மூடாமல் ஓட்ட வேண்டும் என்று அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் ஒரு விதி. டீக்குப் புதிதாக வைத்த சின்ன பஸ்ஸருக்கும் தனக்கு ஒரு விளக்கு வேண்டும் என்று அமலு சண்டை பிடித்தாள். அத்தனை நாளாகத் தனக்கு ஆறிப்போன வடைதான் கிடைக்கிறதாம். கிறிஸ்துமஸ் ஸ்டாரிலிருந்து ஒரு பச்சை பல்பை எடுத்து வைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு டீக்கு முதல் ஆள் அவள்தான்.

பதினோரு வருடம் அவள் அந்த மாடியில் இருந்தாள். நான் நாலாவது வருடத்திலேயே வெளியே வந்து சொந்தமாக கான்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்தேன். கம்பெனிகளுக்குத் தீ மணி, புகை மணி மாட்டுகிற வேலைதான். முதலாளி தவறிய பிறகு மகன்களுக்குத் தொழிலில் நாட்டமில்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள். மயிலக்காவுக்கு அதற்குள் முழங்கால் போய்விட்டது. அமலுவின் அண்ணன் வந்து அவளைக் கூட்டிப் போனார் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு நான் பெருந்துறையில் வேலையாக இருந்தேன். போய் வழியனுப்பியிருக்கலாம். போகவில்லை. இப்போது பெரிய கம்பெனிகளில் கூடத்துக்குக் கூடம் மின்னல் விளக்கு இருக்கிறது. காது கேட்காதவர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள், அவர்களுக்கென்று முறையான சைகை தெரிந்த ஆளும் வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் நல்லதுதான், நானே மாட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மூலனூரிலிருந்து வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்லூருக்குப் போனேன். மயிலக்கா அதே லைன் வீட்டில்தான் இருக்கிறார். எங்கள் கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது, வேப்பமரமும் இல்லை. காப்பி கொடுத்துவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். கை அசையாமல் அவர் பேசி நான் பார்த்ததே இல்லை.

"போன வாரம் அவிய அண்ணனுக்குப் போன் போட்டனுங்க தம்பி. எப்படி இருக்கறான்னு கேட்டேன். 'அவ பாட்டுக்கு இருக்கா, ஒரு தொந்தரவும் கெடையாது, ரொம்ப அமைதி'ன்னாரு" என்றார். "அமைதியாம் தம்பி. அவளாங்க?"

போய்ப் பார்த்துவிட்டு வரலாம் அக்கா, நான் கார் எடுத்துவருகிறேன் என்றேன். அவருக்குப் போக ஆசை, போக பயம். கை மறந்துபோச்சு என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து ஞாபகப்படுத்திப் பார்த்தோம். சோறு வந்தது. மழை வந்தது. முதலாளி வந்தார். தீ வந்தது. ஓட்டை, ஊசிக்கோடு, சம்பளம், சண்டை, தலைவலி எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் மயிலக்கா, "இத்தன வருசமா ஏன் வரலேன்னு அவ கேட்டா, அதுக்கு எப்படிங்க தம்பி காட்டறது?" என்று கேட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் கைப்பேச்சில் அதற்கு எதுவும் இருந்ததில்லை. தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம், அதனால் அப்படி ஒன்றைச் சொல்ல வேண்டிய அவசியம் எங்களுக்கு வரவே இல்லை.